மூன்றாவது பெட்டியின் தாழ்ப்பாள்

என்னங்க,

போனை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். அதனால் இதைத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் அக்கா வீட்டில் தூக்கமாவது வருகிறதா?

காலையில் பூங்கா ரயில் விபத்தை விசாரிக்கும் அதிகாரி வந்தார். நீங்கள் சேர்த்த மாடல் ரயில்களில் பெரியது, கூடத்தையே அடைத்துக்கொண்டிருக்கிறதே, அதன் முன் நின்றுவிட்டார்.

"கடையில வாங்கினதா?"

"வாங்கினதுதான். அப்புறம் அவர் வேலை பாக்குற பூங்கா ரயில் மாதிரியே மாத்திட்டார். துருகூட அதே இடத்துல இருக்கும்."

என் வாய் சும்மா இருக்குமா? நாளை கேமராவோடு வருகிறாராம்.

அவர் போன பிறகு அந்த மாடலின் பெட்டிகளைத் துடைக்க எடுத்தேன். மூன்றாவது பெட்டியின் கதவில் தாழ்ப்பாள் இல்லை. கம்பியால் கட்டியிருக்கிறீர்கள். அந்தக் குழந்தை விழுந்த அதே கதவு. தாழ்ப்பாள் உடைந்திருந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது என்றீர்கள். விபத்துக்கு முந்தின மாதமே இந்தப் பெட்டியை முடித்துவிட்டீர்கள்.

மகள் பசையோடு வந்தாள். "அப்பா மறந்துட்டார்போல. நான் ஒண்ணு ஒட்டிடட்டுமா?"

"தொடாதே" என்றேன். ஏன் என்று கேட்டாள். பசையை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

குழந்தை இன்னும் கண் திறக்கவில்லையாம்.

பெட்டியைத் தண்டவாளத்திலேயே விட்டிருக்கிறேன். நாளை அந்த அதிகாரிக்கு வாசல் கதவைத் திறக்கும்போது நீங்கள் என் பக்கத்தில் நிற்க வேண்டும். வராவிட்டாலும் திறப்பேன்.

நீங்கள் சொன்னதையெல்லாம் நம்பியவள்