குதித்தால் ஆம்

அன்பு மகளே,

நாம் ஆடும் ஆட்டத்தின் வழங்கியை, நீ சர்வர் என்பாயே, அதை வெள்ளிக்கிழமையோடு மூடுகிறார்களாம். இணையத்தில் சேர்ந்து ஆட ஆண்டுக் கட்டணத்தை அண்மையில்தான் கட்டினேன். விடுவேனா? உதவிப் பிரிவுக்குக் கனல் தெறிக்க முறையீடு எழுதினேன். "ஐயா, உங்க பணம் வீணாகாது. மத்த ஆட்டமெல்லாம் ஓடும், இது மட்டும் நிக்குது" என்று ஒரு தம்பி பதில் போட்டான். அரங்குகளை அதிரவைத்த என் சொல்லுக்கு அவ்வளவுதான் மதிப்பு!

மற்ற ஆட்டங்கள் எனக்கு எதற்கு? தொண்டை அறுவைக்குப் பின் தொலைபேசியால் எனக்குப் பயனில்லாமல் போனபோது, தொலைவிலிருந்து நீ அமைத்துத் தந்த இடமல்லவா அது?

"அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று ஆட்டத்தினூடே உன் குரல் காதில் ஒலிக்கும். திரையில் என் வீரன் ஒருமுறை குதித்தால் ஆம், குனிந்தால் இல்லை. "மாத்திரை போட்டீங்களா? பொய்யா குதிக்கக் கூடாது!" என்பாய். அந்தப் பதற்றத்தில் பாலத்திலிருந்து ஆற்றில் விழுவேன். "மேடையில முழங்கின மனுஷன் தண்ணியில முங்குறதப் பாரு!" என்று சிரிப்பாய்.

"வீடியோ கால்ல வாங்கப்பா" என்று நீ கெஞ்சும்போது மட்டும் என் வீரன் குனிந்தே நின்றான். அவன் கழுத்தில் தழும்பில்லை, மகளே.

சனிக்கிழமை காலை நீ அழை. எடுக்கிறேன். கழுத்தில் துணி சுற்றாமல் அமர்ந்திருப்பேன். சாப்பிட்டேனா என்றே முதலில் கேள். நாற்காலியை விட்டு எழுந்து ஒருமுறை குதிக்கிறேன். நீ சிரித்துவிட வேண்டும்.

நீந்தத் தெரியாத வீரனாகிய
உன் அப்பன்