பெரிய எழுத்து, சின்ன எழுத்து

மார்ச் 3, செவ்வாய்

வக்கீல் ஆபீஸில் டைப் வேலை முடிந்து வர ஆறு மணி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து நாலு மாதம். இடது கையால் எழுதப் பழகுகிறார். பயிற்சி கொடுக்கும் பெண் ஐந்து ஆங்கில வாக்கியம் எழுதச் சொல்லியிருக்கிறாள்.

சொற்களில் பிழையில்லை. ஆனால் எல்லா வாக்கியமும் சின்ன எழுத்தில் தொடங்குகிறது. திங்கட்கிழமைக்கும் சின்ன எழுத்து, என் பெயருக்கும். சொல்லுக்கு நடுவே எங்கேயோ ஒரு பெரிய எழுத்து, வழி தவறி வந்த மாதிரி.

இருபத்தாறு வருஷம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவர். நான் பால்காரருக்கு எழுதி வைத்த சீட்டில்கூடக் கேபிடல் எழுத்தைத் திருத்தியவர்.

மார்ச் 9, திங்கள்

தலைமையாசிரியர் வந்தார். "இந்தப் பருவம் முடியற வரைக்கும் உங்க இடத்துக்கு ஆள் போடல சார். மெதுவா வாங்க."

அவர் போனதும் இவர் நோட்டை என் பக்கம் தள்ளினார். "நீ... திருத்து."

எனக்குத் திருத்த மனம் வரவில்லை. எல்லாம் சரி என்றேன்.

மார்ச் 10

கண்டுபிடித்துவிட்டார். பாடப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டிருக்கிறார். "என்னை... ஏமாத்தாதே." நோட்டு சுவரில் போய் விழுந்தது.

பாவம் பார்த்தா இவருக்குப் பிடிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 14

திருத்தினேன். தப்பைச் சுற்றிப் பதினேழு வட்டம். முகத்தைப் பார்க்காமலே போட்டேன்.

மார்ச் 22

இருபத்தொன்று. அவரே அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஏப்ரல் 2

மூன்றே மூன்று! "பள்ளிக்கூடம் கிளம்பிடலாம் போலிருக்கே" என்றேன். சிரித்தார், பாதி முகத்தால்.

ஏப்ரல் 6, திங்கள்

ஒரு முழுப் பக்கம் எழுதி வைத்திருந்தார். தலைமையாசிரியருக்கு. முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது: வேலையை விட்டு விலகுகிறார்.

"ஏங்க, இவ்வளவு நாள் இதுக்கா பழகுனீங்க?"

"வகுப்புல... நிக்க முடியாது. எனக்குத் தெரியும். கடிதத்துல... தப்பு இருக்கக் கூடாது. பாரு."

மூன்று தரம் படித்தேன். பள்ளியின் பெயர், மாதம், ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கம் — வட்டம் போட ஓர் இடம் இல்லை. ஒன்றாவது இருக்கக்கூடாதா என்று தேடினேன். ஒரு நாள் தள்ளிப்போகுமே.

ஏப்ரல் 7

ஆபீஸ் போகும் வழியில் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமையாசிரியர் நின்றபடியே படித்தார். மறுபடி ஒருமுறை மேலிருந்து பார்த்துவிட்டு, "சாரே எழுதினாரா?" என்றார்.

"ஆமாங்க. யாரும் திருத்தலே."