முதலையிடம் கேட்ட கேள்வி

அம்மாவுக்கு,

செண்பகம் எழுதுகிறேன். முழங்கால் வலி தேவலையா? இந்த மலையில் சிக்னல் இல்லாததால்தான் கடிதம். நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று நான் டீச்சராக இருக்கும் பள்ளிக்குக் கைப்பொம்மையை வைத்துக் கதை சொல்லும் நிபுணர் ஒருவர் வந்தார். எனக்குக் கற்றுத்தர வந்தாராம்! கையில் முதலைப் பொம்மை, அவர் கண்ணெல்லாம் கதை எழுதிய காகிதத்தில். பிள்ளைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒன்றாம் வகுப்பு மலர் எழுந்துபோய் முதலையிடம், "ஏனுங்க, சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

"கதைக்கு நடுவுல பேசக்கூடாது!" என்று அதட்டி உட்காரவைத்தார் அந்த மகா மேதை.

அப்பாவின் பழைய சாக்ஸ் இருந்தால் அனுப்பு. நானே ஒரு முதலை தைக்கிறேன். அது மலருக்குப் பதில் சொல்லும். இங்கே வந்த மூன்று மாதத்தில் என்னை யாரும் 'சாப்டீங்களா?' என்று கேட்டதில்லை.

கடிதம் கொண்டுபோகும் பஸ் வந்துவிட்டது.

செண்பகம்