வெந்துபோன தக்காளிச் செடிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் கேட்காமலே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

வாடகை வீட்டின் பின்புறம் ஆறு தக்காளிச் செடி வைத்தேன். வெயில் ஏறுகிறதே, மண் காயாமல் மூடாக்குப் போடலாமென்று, அப்போதுதான் வெட்டிய பச்சைப் புல்லைத் தண்டை ஒட்டிக் குவித்துவிட்டேன். புல் உள்ளுக்குள் சூடேறி, நான்கு செடிகள் சாய்ந்துவிட்டன.

“படிச்ச பொண்ணு, காய்க்கிறதுக்கு முன்னாடியே வேகவச்சுட்டியேம்மா!” என்று வீட்டுக்கார அம்மா சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மீதி இரண்டுக்கும் புல்லை எடுத்தால் வேர் காய்கிறது, விட்டால் தண்டு அழுகுகிறது. கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். காலியான இடத்தில் ஊன்றக் கொஞ்சம் வெண்டை விதை அனுப்பிவையுங்கள்.

அலுவலக வண்டி வந்துவிட்டது.

உங்கள் சின்னவள்

அப்பா, உங்கள் பேச்சை மீறி நான் இங்கே வேலைக்கு வந்த கோபம் இருந்தால் இருக்கட்டும். அம்மா போனை நீட்டும்போது எழுந்து போய்விடாமல், இந்த ஒரு முறை வாங்கிப் பேசுங்கள். செடியைப் பற்றி மட்டும் பேசினாலும் போதும்.