மூன்றாவது சர்வர் கேட்டவளுக்கு

என் அமலி,

உன் மேசையில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். நீ போய் நான்கு மாதம்.

கோபத்தில் எழுதுகிறேன். அலுவலகம் ஓர் அறிக்கை தயாரித்திருக்கிறது. அதில் உன் பெயர் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் நான் அதற்கு ஒப்புதல் தர வேண்டுமாம்.

நடந்ததைச் சொல்கிறேன். டயாலிசிஸ் முன்பதிவை இரண்டு சர்வர்களில் வைத்திருந்தோமே. மைசூரில் ஒன்று, சென்னையில் அதன் நகல். மைசூர் தலைமை, அது செத்தால் சென்னை பொறுப்பேற்கும். இரண்டும் ஓயாமல் ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கும். போன வாரம் இரண்டுக்கும் நடுவில் இணைப்பு அறுந்தது. அவ்வளவுதான். இரண்டும் உயிரோடுதான் இருந்தன. முப்பது வினாடி பதில் வராததால், மைசூர் செத்துவிட்டது என்று சென்னை முடிவு கட்டியது. தானே தலைமை என்றது. மைசூரும் தலைமையை விடவில்லை. இரண்டும் தனித்தனியாக முன்பதிவு வாங்கின.

ஒரே டயாலிசிஸ் நாற்காலி, இரண்டு பேருக்கு.

கொள்ளேகாலிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஓர் அம்மா, வீங்கிய காலோடு மதியம் வரை மருத்துவமனை நடையில் உட்கார்ந்திருந்தார். கையில் நாம் அனுப்பிய செய்தி. ‘உறுதி செய்யப்பட்டது.’

அறிக்கை சொல்கிறது: காரணம், முப்பது வினாடி பதில் இல்லாவிட்டால் தலைமை ஏற்கச் சொல்லி அமலி எழுதிய நிரல் வரி.

வரி உன்னுடையதுதான். அதற்கு மேலே நீ எழுதிய குறிப்பு? ‘மூன்றாவது சர்வர் வராமல் இதை இயக்காதீர்கள்.’ வரியை அறிக்கையில் ஒட்டியவர்கள் குறிப்பை மட்டும் எப்படி விட்டார்கள்? இரண்டும் அடுத்தடுத்துத்தானே இருந்தன?

அந்தக் கூட்டம் நினைவிருக்கிறதா? நம் மேனேஜர் மோகன் சார் கேட்டார்: “பதில் வரலைன்னா செத்துடுச்சுன்னுதானே அர்த்தம்?”

நீ சொன்னாய்: “மார்டள்ளியில எங்கம்மா ஃபோன் எடுக்கலைன்னா செத்துட்டாங்கன்னா அர்த்தம்? சிக்னல் இல்லைன்னு அர்த்தம் சார். இந்தப் பக்கத்துல இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனாலதான் மூணாவதா ஒண்ணு கேக்கறேன். ரெண்டு ஓட்டு வாங்கறதுதான் தலைமை.”

“ஓட்டு மட்டும் போடறதுக்கு ஒரு மெஷினா? வேற வேலையே செய்யாதா?”

“எங்க ஊர்ல அப்படிப் பல பேர் இருக்காங்க சார். யாரும் அவங்களை வேண்டாம்னு சொல்றதில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான். மூன்றாவது வரவில்லை.

நம் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. நீ கொண்டுவந்தது. பழுதுக்குப் பின் எழுதும் அறிக்கையில் ஆள் பெயர் இருக்கக் கூடாது. யார் என்று எழுதாதே, எது என்று எழுது. ஒருமுறை நான் முன்பதிவுப் பட்டியலையே அழித்துவிட்டு அழுதேன். ‘அழிக்கும் முன் கேள்வி கேட்காத திரை’ என்று எழுதினாய். என் பெயர் எங்கும் இல்லை. அன்று நீ சொன்னது: “மூக்கைத் தொடைங்க அண்ணி. திரையைச் சரி பண்ணலாம்.”

உன் அண்ணனுக்கு என்னைக் கேட்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தாய். அவருக்கு வேறு பெண்ணோடு கல்யாணம் ஆன பிறகும் நான் உனக்கு அண்ணிதான்.

அந்த வழக்கத்தை முதன்முதலாக மீறியிருக்கிறார்கள். உனக்காக. நீ பதில் சொல்ல மாட்டாய் என்பதற்காக.

இன்று காலை மோகன் சாரிடம் போனேன். கோயம்புத்தூர்க்காரர், சங்கடம் வந்தால் கன்னடம் கலக்கிறவர்.

“நோடம்மா, இதனால அந்தப் பொண்ணு வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஆஸ்பத்திரிக்கு ஒரு பேர் வேணும். அஷ்டே, அவ்வளவுதான்.”

“உயிரோட இருக்கற பேரு ஏதும் இல்லையா சார்?”

அவர் கணினியைப் பார்த்தார். “திங்கட்கிழமைம்மா” என்றார்.

இனி வருவது உனக்கு மட்டும் எழுத நினைத்தது. இதை நம் குழுவுக்கே அனுப்பப் போகிறேன், எல்லோரும் படிக்கட்டும். நீ எழுதிய வரி இரண்டு வருடம் உறங்கிக்கொண்டிருந்தது. அதை இயக்கியது யார்? நீ இறந்த அடுத்த மாதம், “சும்மா கிடக்கு, ஆன் பண்ணும்மா” என்று மோகன் சார் செய்தி அனுப்பினார். இயக்கியது நான். உன் குறிப்பைப் படித்தேன். படித்துவிட்டுத்தான் இயக்கினேன். இரண்டு வருடமாக இணைப்பு அறுந்ததில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர்கள்மேல் வரும் கோபத்தில் எவ்வளவு என்மேல் வருவது? பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஒப்புதல் தர மாட்டேன். திங்கட்கிழமை வேறோர் அறிக்கை கொடுப்பேன். உன் குறிப்பு அதில் முழுதாக இருக்கும். காரணம்: இரண்டே சர்வர்கள், எச்சரிக்கை இருந்தது, படித்த பிறகும் இயக்கப்பட்டது. ஆள் பெயர் இல்லாமல் எழுதுவேன், நீ செய்ததைப் போலவே. பெயர் இருந்தே ஆக வேண்டும் என்றால் ஒன்று எழுதுவேன். அது பதில் சொல்லக்கூடிய பெயராக இருக்கும்.

கடைசிவரை ஆகாமலே போன
உன் அண்ணி