மோட்டார் கொட்டாயில் நான் உட்காரவைத்தவள்

அடி அண்ணாமலை
19.5.1996

இதனால் சகலருக்கும், குறிப்பாகப் போபால் ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஊசி போட்டுக்கொண்டிருக்கும் மதிவதனிக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் தம்பி மாறனுக்கு மீசை முளைத்துவிட்டது. மொத்தம் பதினோரு முடி. அம்மா அதை அழுக்கு என்கிறாள், சோப்பு போடச் சொல்கிறாள். மற்றபடி அம்மாவும் நானும் சுகம், நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கிறாள். இது அம்மாவின் கடிதம்தான் அக்கா, எழுத்து மட்டும் என்னுடையது. போன மாதம் துவைக்கிற கல்லாண்ட வழுக்கி விழுந்து அம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், இன்னும் மூன்று வாரம். பயப்படாதே, வலி கம்மி, வாய் மட்டும் ஜாஸ்தி. அம்மாவின் கை முறிந்ததில் பால்வாடியில் கதை சொல்கிற வேலை கை மாறி மாறனிடம் வந்துவிட்டது. சமைக்கவும் குழந்தைகளைத் தூக்கவும் ஆயா ஆராயி இருக்கிறாள், பத்தாவது பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா கிடக்கிறவன் கதையாவது சொல்லட்டும் என்று அம்மா என்னைத் துரத்திவிட்டாள்.

அம்மா எந்தக் கதைக்கு முன்னாலும் பிள்ளைகளிடம் "யாரு? எங்க?" என்று இரண்டு கேள்வி கேட்பாள், உனக்குத் தெரியும். ஆளும் இடமும் மனசில் நிற்கவில்லை என்றால் கதையும் நிற்காது என்பாள். ஆனால் அரண்மனையையும் காட்டையும் எந்தப் பிள்ளை பார்த்தது? மறுநாளே ராஜாவையும் மறந்துவிடுகிறார்கள். நான் யோசித்தேன், பார்த்த இடமாக இருந்தால் ஆள் தானாக வந்து உட்காருமே என்று. பால்வாடிக்குப் பின்னால், கிணறு வற்றியதிலிருந்து பூட்டிக் கிடக்கிற மோட்டார் கொட்டாயைக் காட்டி, உள்ளே ஒரு பொம்பளை தன் பேர் மறந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள் என்றேன். பதினாலு பிள்ளைகளும் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மாவின் இருபது வருஷ சர்வீசில் நடக்காத அதிசயம்! அவள் எப்படி இருப்பாள், என்ன செய்வாள், ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்றேன். சக்திவேல் "பீடி புடிப்பா" என்றான். அப்போதுதான் கவியா வாயைத் திறந்தாள். தருமன் அண்ணனின் மகள், ஐந்து வயசு. போன கார்த்திகையில் அவள் அம்மா பொன்னி அக்கா காய்ச்சலில் போனதை எழுதியிருந்தோமே, அன்றிலிருந்து இந்தக் குழந்தை யாரிடமும் பேசினதில்லை. அது மெதுவாக, "தூளி ஆட்டுவாங்க. பாட்டு தெரியாது. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுவாங்க" என்றது. ஆராயி கரண்டியோடு ஓடிவந்து என் காதில் சொன்னாள். அந்தக் கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தில் களையெடுக்கப் போகும்போது பொன்னி அக்கா அந்தக் கொட்டாயில்தான் தூளி கட்டுவாளாம், எண்ணி எண்ணித்தான் பிள்ளையைத் தூங்கவைப்பாளாம். சத்தியமாக எனக்குத் தெரியாது அக்கா.

மறுநாள் கவியா தன் பங்குச் சத்துமாவு உருண்டையைத் தின்னாமல் கிண்ணத்தில் எடுத்துப்போய்க் கொட்டாய்ப் படியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் கிண்ணம் காலி. காரியத்தன்று படைத்த சோற்றைத் தொட ஒரு காக்காய்கூட வரவில்லை, பொன்னிக்கு மனசு ஆறவில்லை என்று எல்லோரும் பேசியதை அந்தக் குழந்தை கேட்டிருக்கிறது. இப்போது தினமும் கிண்ணம் காலியானது. ஆராயி கொட்டாய்க் கதவில் வேப்பிலை செருகிவிட்டு, "டேய், பட்டப்பகல்லயே வந்துட்டா பாருடா" என்றாள். மற்ற பிள்ளைகள் பின்பக்கம் போவதையே விட்டுவிட்டார்கள். ஒரு கதை சொல்லி ஊரையே நடுங்கவைத்தவன் உன் தம்பி, போபாலில் சொல்லிக்கொள்! ஆனால் அந்தப் பக்கம் நடக்கும்போது என் வாயும் ஒண்ணு ரெண்டு மூணு என்று எண்ணத் தொடங்கிவிடும், ஏனென்று தெரியாது.

எட்டாம் நாள் தருமன் அண்ணன் வீட்டுக்கு வந்து நின்றார். பெங்களூரில் கட்டட வேலை, வெள்ளிக்கிழமை கிளம்பவேண்டும், போகிற வழியில் கவியாவைத் தன் அக்கா வீட்டில் விடப்போகிறார். குழந்தை வரமாட்டேன் என்கிறதாம். "அம்மா கொட்டாய்ல பசியா இருப்பாங்கன்னு சொல்லுது. இங்க கொழந்தய வுட்டுட்டுப் போனா யாரு பாப்பாங்க? நான் இன்னா பண்ணுவேன் டீச்சர்" என்று அழுதார். அம்மா என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உக்கார வெச்சவனே எழுப்பி அனுப்பு" என்று மட்டும் சொன்னாள். வியாழக்கிழமை அனுப்பிவிட்டேன்! கதையில் வருகிறவர்கள் ஒரே இடத்தில் இருக்கவேண்டியதில்லை, இடம் மாறலாம், அவளுக்குப் பேர் ஞாபகம் வந்துவிட்டது, பஸ் ஏறிப் போய்விட்டாள் என்று முடித்தேன். பிள்ளைகள் ரோட்டைப் பார்த்து டாட்டா காட்டினார்கள். வெள்ளிக்கிழமை கவியா அழாமல் அப்பாவோடு பஸ் ஏறினாள்.

அம்மா சொல்லச் சொல்கிறாள்: நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, ஆவணியில் சித்தி மகள் கல்யாணத்துக்கு இப்போதே லீவு கேட்டுவை, அண்ணாமலையார் உன்னை நோய்நொடி இல்லாமல் நூறு வயசு வைத்திருக்கட்டும். கீழே கோணல் மாணலாக இருப்பது அம்மா இடது கையால் போட்ட கையெழுத்து.

இப்படிக்கு,
உன் அம்மா
திரௌபதி

அக்கா, அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். அம்மாவிடமும் சொல்லாத ஒன்று. உருண்டையைத் தின்றது நான்தான். முதல் நாள் விளையாட்டுக்கு. காலிக் கிண்ணத்தைப் பார்த்து அந்த முகம் சிரித்ததும் மறுநாள் தின்னாமல் இருக்க முடியவில்லை, எட்டு நாளும் தின்றேன். வியாழக்கிழமைக் கதையையும் நான் முடிக்கவில்லை. "அவ எழுந்து நின்னா" என்றதற்கு மேல் வார்த்தை வராமல் கொட்டாயாண்ட ஓடிப்போய் நின்றேன். கவியா பின்னாலேயே கிண்ணத்தோடு வந்து, "நீயே துன்னுண்ணா. தெனம் நீதான துன்ன, நான் பாத்தேன்" என்றாள். தெரிந்தும் ஏன் வைத்தாய் என்று கேட்டேன். "வீட்ல அம்மா பேர யாருமே சொல்றதில்ல. வெச்சாதான் எல்லாரும் பொன்னி பொன்னின்னு சொல்றாங்க" என்றாள். பிறகு உள்ளே போய் மற்ற பிள்ளைகளிடம், அவங்க பேரு பொன்னி, பஸ் ஏறிப் போயிட்டாங்க என்று அவளே கதையை முடித்துவிட்டாள். டாட்டா காட்டச் சொன்னதும் அவள்தான். அந்தக் கடைசி உருண்டையை மட்டும் என்னால் தின்ன முடியவில்லை அக்கா, படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று நாளாகிறது. கிண்ணம் காலியா என்று போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.