முதல் வருடத்து மாணவி

அன்புள்ள அப்பாவுக்கு, இசக்கி எழுதுகிறேன். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதனால்தான் கடிதம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வேடிக்கை. எங்கள் பனியன் கம்பெனி முதலாளி இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கல்லூரி தொடங்கினார். அதன் இணையதளத்தில் ‘எங்கள் வரலாறு’ என்ற பக்கம் காலியாகக் கிடந்ததாம். தையல் பிரிவிலிருந்து எங்களை வேனில் கூட்டிப்போய், தாவணி கட்டச்சொல்லி, கையில் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

“இது எதுக்கு சார்?” என்று மேனேஜரைக் கேட்டேன்.

“பழைய காலேஜ்னாத்தான் கண்ணு சனம் நம்பி புள்ளைகளச் சேர்த்துவாங்க. கொஞ்சம் சிரிங்க” என்றார்.

படம் எடுத்ததும் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நான் இரண்டு பக்கம்தான் படித்திருந்தேன்.

இப்போது அந்தப் படம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. கீழே ‘முதல் வருடத்து மாணவிகள், 1998’ என்று போட்டிருக்கிறார்கள். அப்போது உங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை. சூப்பர்வைசர் அக்கா தன் போனில் காட்டியதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.

கல்லூரியின் பெயரைத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன். கடைக்கார முனீஸ் அண்ணன் போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்து அம்மாவுக்குக் காட்டுங்கள். என்னைக் கல்லூரியில் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாளே. படத்துக்குக் கீழே எழுதியிருப்பதை அவளுக்குப் படிக்கத் தெரியாது. நீங்களும் படித்துக் காட்ட வேண்டாம்.

கம்பெனி வேன் வந்துவிட்டது.

இசக்கி